பர்மாப் பாத்திரத்தில் சிதம்பரத்துச் சோறு

கடலூருக்கு நாங்கள் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு வலது கையில் ஏதோ கோளாறு என்று மளிகைக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான், பிள்ளைகளா. பர்மாவில் பெரியவர்களிடம் எதை வாங்கினாலும் வலக்கையை நீட்டி, இடக்கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அது மரியாதை. நடை பழகும் குழந்தைகூட அப்படித்தான் மிட்டாய் வாங்கும். நானும் அப்படியே உப்புப் பொட்டலத்தை வாங்கினேன். அப்புறம் மிளகாய் வாங்கினேன், சீமெண்ணெய் வாங்கினேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“என்னாடா தம்பி, கை நோவுதா? எங்கயாவது வுழுந்தியா?”

நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். சாயங்காலம் அவரே ஒரு குப்பித் தைலத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர். அம்மா வாசலுக்கு வந்து, வலக்கையை நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட்டபடி அந்தக் குப்பியை வாங்கிக்கொண்டாள். அவர் அம்மாவின் கையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“குடும்பத்துக்கே இருக்குது போல. ஜாஸ்தி பயப்படாதீங்கம்மா. தேய்ச்சா சரியாப் பூடும்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

கப்பலை விட்டு இறங்கிய பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, சபையில் உபதேசியார். பட்டம் வாங்கிய பாதிரியார் இல்லை. அவருக்கு அடுத்தபடியாக இருந்து ஜெபம் நடத்துவதும் வேதம் சொல்லிக் கொடுப்பதும் உபதேசியார் வேலை. கல்யாணமான புதிதிலேயே மிஷன் அப்பாவைப் பர்மாவுக்கு அனுப்பிவிட்டது. ரங்கூனுக்கு அப்பால் ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே அரிசி ஆலைகளில் வேலை செய்த நம் தமிழ் ஜனங்களுக்குச் சபை நடத்த வேண்டும். முடிந்தால் பர்மாக்காரர்களுக்கும் சுவிசேஷம் சொல்ல வேண்டும். அக்காவும் நானும் அங்கேதான் பிறந்தோம். அறுபதுகளில் அங்கே ஆட்சி மாறியது. கடைகளையும் ஆலைகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. தமிழர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். சபையே கிளம்பிப் போன பிறகு உபதேசியாருக்கு என்ன வேலை? நாங்களும் வந்துவிட்டோம்.

ஊருக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தார்கள். அக்காவும் நானும் வந்தோம், அவ்வளவுதான்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகிற சாலையை ஒட்டி, மிஷனுக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் பாதியை எங்களுக்குத் தற்காலிகமாகக் கொடுத்திருந்தார்கள். பர்மாவில் எங்கள் வீடு மரக்கால்களின் மேல் நின்ற தேக்கு வீடு. நடந்தால் பலகை முனகும். யார் வருகிறார்கள் என்று காலடியை வைத்தே சொல்லிவிடலாம். இங்கே சிமென்ட்டுத் தரை. அம்மா பின்னால் வந்து நின்றாலும் தெரியாது. அந்தத் தரையின் மௌனம்தான் எனக்குப் புது ஊரில் முதலில் பிடிக்காமல் போன விஷயம். மற்றபடி வாடைகள் எல்லாம் பழகியவை. உப்பனாற்றுச் சேறு, கருவாட்டுக் கொட்டகை, மழைக்கு முன்னால் வருகிற கடல்காற்று. கண்ணை மூடிக்கொண்டால் பர்மாவில் இருக்கிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது.

அம்மா அங்கே வீட்டில் கைலிதான் கட்டுவாள். பர்மாவில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் உடை. இங்கே வந்தும் வீட்டுக்குள் கட்டினாள். சபைப் பெண்கள் பார்க்க வரும்போது பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் சேலை சுற்றிக்கொண்டு வருவாள். காலையில் தனக்கா மரத்துண்டைக் கல்லில் நீர்விட்டு இழைத்து எங்கள் கன்னத்தில் பூசுவாள். சந்தன நிறம், ஆனால் சந்தன வாசனை இல்லை. வெயிலில் ஈரப் பலகை காய்கிற மாதிரி ஒரு வாசனை. பூசிக்கொண்டால் கன்னம் இரண்டும் சிலுசிலுவென்று இருக்கும். உங்கள் அத்தை, அதான் என் அக்கா, தன் கன்னத்தில் இலை மாதிரி வரைந்துகொள்வாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தமிழ் எனக்குத் தடுக்கும் இடத்திலெல்லாம் அவள்தான் எனக்காகப் பேசுவாள்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். பாயம்மா என்று கூப்பிடுவோம். அவர் வீட்டுக்காரர் யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். ஒருநாள் அம்மா, கையோடு கொண்டுவந்த ஙப்பியைக் குழம்பில் கரைத்தாள். ஙப்பி என்பது இறாலை உப்பில் புளிக்க வைத்து இடித்த விழுது. அதன் வாடை தெருக்கோடி வரைக்கும் போகும். மற்ற வீடுகளில் சன்னல்கள் மூடின. பாயம்மா மட்டும் கிண்ணத்தோடு வந்து நின்றார்.

“ரங்கூன் வூட்டம்மா, மூக்கு சொல்லிடுச்சு. ஒரு கரண்டி ஊத்துங்க.”

“உங்களுக்கு இது புடிக்குமாக்கா?” என்று அம்மா ஆச்சரியப்பட்டாள்.

“எனக்கு எங்க புடிக்கும்? எங்க வூட்டு மனுஷனுக்கு. நல்ல கறிக் கொழம்பு வெச்சாக்கூட ‘ரங்கூன்ல ஒரு கொழம்பு உண்டு’ன்னு பெருமூச்சு வுடுவாரு. அங்க யாரயாவது நிக்காஹ் பண்ணிக்கிட்டு வந்துட்டாரோன்னு இருபது வருஷமா சந்தேகம். கொழம்புதான்னு இப்பதான் தெரியுது!”

அன்று முதல் அம்மாவுக்கு அவர்தான் துணை. சேலை மாற்றாமல் அம்மா பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள்.

ஆனால் அப்பா பயந்துகொண்டே இருந்தார். அவருக்கு ஒரு சபை வேண்டும். ஓட்டு வீடு தற்காலிகம்தான். சிதம்பரம் சபையில் உபதேசியார் இடம் காலியாக இருந்தது. கோயிலை ஒட்டி இரண்டு அறை வீடு, கிணறு, அக்காவுக்குப் பெண்கள் பள்ளி, எனக்கு ஆரம்பப் பள்ளி. (நம்மவர்கள் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்லுவார்கள், குழம்ப வேண்டாம்.) அது கிடைக்காவிட்டால் அப்பாவை உள்கிராமங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஜெபவீட்டின் மூலையில் ஓர் அறைதான் இருக்கும்; பிள்ளைகளை ஹாஸ்டலில் விட வேண்டும். அக்கா பெண்கள் ஹாஸ்டலில், நான் பையன்கள் ஹாஸ்டலில். அக்கா இல்லாமல் எனக்காக யார் பேசுவார்கள்? ஒவ்வொரு ஜெபத்திலும் ‘சிதம்பரம், சிதம்பரம்’ என்றுதான் நான் வேண்டினேன்.

அதனால் அப்பா சொன்னார்: “முழங்கையத் தொடறதை வுட்டுடுங்க. வெளியில பர்மா பாஷை வேணாம். சனங்க நம்மள அந்நியமா நெனைக்கக் கூடாது.”

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? வாரம் முழுவதும் மறைக்க வேண்டிய பர்மாவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேடையில் காட்ட வேண்டும்.

வெளிநாட்டு ஊழியம் முடித்துத் திரும்பியவர்கள் சபை சபையாகப் போய், அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு நினைவு இருக்கும்: கோரைப்பாயில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்த பர்மா கூட்டம். அப்பா பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று எங்களை எங்கெல்லாமோ கூட்டிப்போனார். அக்கா பட்டுக் கைலி கட்டி, தலையில் பூ வைத்து, கன்னத்தில் தனக்காவோடு உட்காருவாள். எனக்குத் தலையை மொட்டை அடித்து, அம்மாவின் பழைய காவிநிறச் சேலையைக் கிழித்துச் சுற்றிவிடுவார்கள். நான் குட்டிப் புத்த சாமியார். கையில் கறுப்பு அரக்குப் பூசிய பிச்சைப் பாத்திரம். அப்பா அந்தப் பாத்திரத்தை என்னிடமிருந்து வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார்.

“பாருங்கள், சகோதரர்களே! இந்தப் பாத்திரம் எப்படி வெறுமையாக இருக்கிறதோ, அப்படியே அந்த ஜனங்களின் உள்ளமும் வெறுமையாக இருக்கிறது!”

உடனே அக்கா எழுந்து, “இருட்டில் இருக்கிற எங்களுக்கு வெளிச்சம் காட்டுவார் யார்?” என்று கேட்க வேண்டும். கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். காணிக்கைப் பை நிரம்பும்.

முதல் கூட்டம் முடிந்து நடந்து வருகையில் அக்கா கேட்டாள்: “அந்தப் பாத்திரம் வெறுமையாவா இருந்துச்சுப்பா?”

“கூட்டத்துல எல்லாத்தையும் சொல்ல முடியாதும்மா” என்றார் அப்பா.

எங்கள் மூன்று பேருக்கும், அம்மாவுக்கும், அவள் கேட்டதன் அர்த்தம் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பர்மாவில் இருந்த கடைசி மழைக்காலத்தில் மிஷனிலிருந்து சம்பளம் வந்து சேரவில்லை. தபால் நின்றுபோயிருந்தது. ஆலைத் தமிழர்கள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்தது புத்த சாமியார்களின் மடம். அவர்கள் மத்தியானத்துக்கு மேல் சாப்பிட மாட்டார்கள். அந்த மடத்துப் பெரிய சாமியார் அக்காவையும் என்னையும் வேலியோரம் கூப்பிட்டு, மிஞ்சிய சோற்றைத் தினமும் கொடுத்தனுப்பினார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கப்பலுக்குக் கிளம்பிய நாளில், “வழியில் பிள்ளைகளுக்குப் பசிக்கும்” என்று ஒரு பாத்திரம் நிறையச் சோறு வைத்துக் கொடுத்தார். அந்தப் பாத்திரம்தான் இந்தப் பாத்திரம்.

அப்பா மேல் அக்காவுக்கு வந்த கோபம் சத்தம் போடுகிற கோபம் இல்லை. மேடையில் சொல்ல வேண்டியதைச் சொல்லுவாள். வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். ஆனால் ஜெபத்தின்போது அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அப்பா அதைக் கவனிக்காதவர் மாதிரி வேதப் புத்தகத்தைப் புரட்டுவார்.

ஒருநாள் சிதம்பரம் சபை மூப்பர் கடலூருக்கு வந்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டுப் போட்டு, வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் குடை வைத்திருப்பவர். சபைக் கமிட்டியில் அவர் சொன்னதுதான் சட்டம்.

“உங்க பர்மா கூட்டத்த பத்தி நல்லா சொல்றாங்க, உபதேசியாரே. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சபையில நடத்துங்க. சனங்க பாக்கட்டும். அன்னைக்கே கமிட்டி உக்காந்து முடிவு பண்ணிடுறோம்” என்றார்.

அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

ஞாயிறு விடிகாலையில் பாசஞ்சர் ரயில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு நிலையத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று. நெல்வயலுக்கு மேல் பனி. சிதம்பரத்தில் இறங்கியதும் கோபுரங்கள் தெரிந்தன. “எவ்ளோ பெரிய பகோடா!” என்று, புத்தர் கோயில் என்று நினைத்து, நான் பர்மா பாஷையில் கத்த, அப்பா என் வாயைப் பொத்தினார்.

ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் எங்களுக்கு வேஷம் கட்டினார்கள். அம்மா எனக்குக் காவியைச் சுற்றிவிட்டு, அக்காவின் தலையைப் பின்ன உட்கார்ந்தாள். அப்பா முன்னால் போய் ஆட்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. வெளியே பர்மாவின் காலை மாதிரியே ஒரு காலை. வாசல் தெளித்த மண் வாசனை, எங்கோ அரிசி கொதிக்கும் வாசனை. அங்கே இந்த நேரத்துக்குத்தான் குட்டிச் சாமியார்கள் வரிசையாகப் போவார்கள். அவர்களில் ஒருவன் என் கோலிக்குண்டுக் கூட்டாளி. வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். ஒரு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். போட்டால் வாங்கிக்கொள்வார்கள், போடாவிட்டால் அடுத்த வாசல். அவனோடு அப்படிப் போக எனக்கு எவ்வளவு ஆசை! உபதேசியார் மகன் போகலாமா? இப்போது காவி இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, காலையும் இருக்கிறது. கால்கள் தாமாக நடந்தன.

தெருத்தெருவாகத் திரும்பி, மேல வீதிக்கு வந்துவிட்டேன். சாமந்தியும் துளசியும் குவித்து வைத்து மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் வாசலில், கண்ணைத் தாழ்த்தி, பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டு அம்மா நாரைப் பல்லில் கடித்தபடியே என்னைப் பார்த்தார்.

“அட, யாரூட்டுப் புள்ளடா இது! பழனிக்கு வேண்டுதலாடா கண்ணு?”

குழந்தைக்கு நோய் வந்தால் மொட்டையடித்துக் காவி கட்டி, நாலு வீட்டில் பிச்சை எடுக்க வைப்பதாகப் பழனி முருகனுக்கு வேண்டிக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. எனக்கு அது எங்கே தெரியும்? பெரியவர்கள் பேசினால் தலையாட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஆட்டினேன்.

“பேச மாட்டேங்குதே, மௌன வெரதம் போல” என்று உள்ளே ஓடியவர், ஆவி பறக்கப் பறக்கச் சோற்றை அள்ளிவந்து என் பாத்திரத்தில் போட்டார். “இரு, கொத்சு ஊத்துறேன். வெறுஞ் சோறு திங்காத.”

அவர் மறுபடி உள்ளே போன நேரத்தில்தான் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. உள்ளேயிருந்து முதலில் குடை இறங்கியது. பிறகு மூப்பர் இறங்கினார்.

“டேய்! நீ... நீ உபதேசியார் மகன் இல்ல?”

கத்தரிக்காய்க் கொத்சுக் கிண்ணத்தோடு வெளியே வந்த பூ வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டார். “உபதேசியார் மகனா? வேதக்காரங்ககூட பழனிக்கு வேண்டிக்கிறாங்களா? நல்லதுதான்யா, எல்லாம் புள்ளைக்காவத்தான.”

மூப்பரின் முகம் கோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது. என்னைத் தூக்கி ரிக்‌ஷாவில் போட்டார். பாத்திரத்தை நான் விடவில்லை. ரிக்‌ஷா நகர, பின்னாலிருந்து அந்த அம்மா கத்தினார்: “ஐயா, கொத்சு! புள்ள வெறுஞ் சோறு வெச்சிக்கினு போவுதுய்யா!”

கோயில் வாசலில் அப்பாவும் அம்மாவும் என்னைத் தேடிப் பதறிக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“உபதேசியாரே, ஒளிக்காம சொல்லுங்க” என்றார் மூப்பர், குரலை அடக்கி. “பழனிக்கு வேண்டிக்கிட்டீங்களா? இல்ல, மிஷன் சோறு போடலைன்னு புள்ளய பிச்சைக்கு வுட்டீங்களா? எதுவா இருந்தாலும் ஊரு சிரிக்கும்.”

அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். சிறிய சபை அது. பெரிய கோபுரங்களுக்கு நடுவே யாரும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று ஆயுள் முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்று பயம்தான்.

அப்பா என் முன்னால் குனிந்தார். “கேட்டியா, இல்ல நின்னியா?”

“நின்னேன்பா.”

அப்பா நிமிரவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் பூ வீட்டம்மா முந்தானையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு வேகவேகமாக வந்து சேர்ந்தார். மூப்பர் வழிமறித்தார்.

“என்னாம்மா, சாமிக்குப் படச்ச சோறா இது?”

“சாமிக்கு வெச்சது இல்லீங்க, மாமியாருக்கு வெச்சது. அவுங்க எழுந்திரிக்க இன்னும் நேரமாவும். புள்ள சாப்டுச்சா?”

“அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம். உபதேசியாரே, அந்தச் சோத்த காக்காய்க்குப் போட்டுட்டு வாங்க. கூட்டத்த ஆரம்பிப்போம்.”

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். மெதுவாக, தமிழில்தான் சொன்னாள்: “அதக் கொட்டாதீங்க. இந்தப் பாத்திரத்துச் சோத்தக் கொட்ட நம்மளால முடியாது.”

அப்பா பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு முன்னால் போனார். நாங்களும் போய் எங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். பாட்டு முடிந்தது. அப்பா பர்மாவின் ஆறுகளைப் பற்றிச் சொன்னார், மழையைப் பற்றிச் சொன்னார். கவிழ்த்துக் காட்டுகிற இடம் வந்தது. பாத்திரத்தைத் தூக்கினார். சோற்றின் ஆவி அவர் மூக்குக்கண்ணாடியில் படிந்தது.

“பாருங்கள், சகோதரர்களே, இந்தப் பாத்திரம் எப்படி...”

நின்றுவிட்டார். அக்கா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பேசியது பிரசங்கக் குரல் இல்லை. வீட்டில் பேசுகிற குரல்.

“இது வெறுமையா இருந்ததில்லீங்க. நான்தான் அப்படிச் சொல்லிக்கிட்டு வந்தேன். அங்க எங்களுக்குச் சோறு இல்லாமப் போச்சு. பக்கத்து மடத்து சாமியாரு இந்தப் பாத்திரத்துல சோறு போட்டாரு. யாருக்கு வெளிச்சம் காட்டப் போனேனோ அவுங்க வூட்டுச் சோத்த எம் புள்ளைங்க வாங்கிட்டு வந்துச்சு. நான் ஜெபம் பண்ணித்தான் சாப்ட்டேன். ஆண்டவர் அனுப்புன சோறுன்னு எனக்கு அப்ப சந்தேகமே இல்ல. இங்க வந்தப்புறம்தான் வெக்கம் வந்துச்சு. இன்னைக்குக் காலையில மேல வீதியில ஒரு அம்மா மறுபடியும் போட்டிருக்காங்க. அதோ நிக்கிறாங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த பூ வீட்டம்மா, கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்.

அக்கா தன் வசனத்தைச் சொல்லவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. காணிக்கைப் பை எழுந்திருக்கவே இல்லை. அதை எடுத்துவர வேண்டியவர் மறந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

பின்படிக்கட்டில் உட்கார்ந்து அந்தச் சோற்றை அக்காவும் நானும் கொத்சு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டோம். சுட்ட கத்தரிக்காயின் புகை வாசனை, புளி, காரம். இன்றைக்கும் உங்கள் அம்மா கொத்சு வைக்கும் நாளில் நான் பேசாமல் சாப்பிடுவேனே, அதற்கு இதுதான் காரணம். பூ வீட்டம்மா எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “போதுமா? இன்னும் கொண்டாரட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் நடந்தது எதுவும் அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. பிள்ளை சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, மாலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டார்.

மத்தியானம் கமிட்டி உட்கார்ந்தது. நாங்கள் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். நான் உள்ளுக்குள் ‘சிதம்பரம், சிதம்பரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிணற்றைக்கூட ஒருதரம் எட்டிப் பார்த்து வந்தேன். நல்ல தண்ணீர், தவளை ஒன்று நீந்தியது. மூப்பர் குடையை மடக்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

“நீங்க சொன்னது பொய்யின்னு யாரும் சொல்லல, உபதேசியாரே. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா, இத்தினி ஊர்ல ஏன் வேற மாதிரி சொன்னாருன்னு கேக்குறாங்க. நான் என்னா பதில் சொல்றது?”

“ஒண்ணும் சொல்ல வேணாம்ங்க. அவுங்க கேக்குறது நியாயம்” என்றார் அப்பா.

நமக்குச் சிதம்பரம் இல்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. ரயிலில் நான் அழுதுகொண்டே வந்தேன். அப்பா பரங்கிப்பேட்டை வரை என்னைத் தேற்றினார். அதன் பிறகு தேற்றவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அப்பாவை அண்ணாகிராமம் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஜெபவீட்டுக்கு அனுப்பினார்கள். பாயம்மா ஓ.டி. வீட்டு வாசலில் நின்று, “இனிமே எங்க வூட்டு மனுஷன் பெருமூச்ச எவ கேப்பா?” என்று சொல்லி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பள்ளி திறந்த அன்று எங்களைக் கடலூர் ஹாஸ்டல்களில் விட அப்பா கூட்டிவந்தார். முதலில் அக்காவின் ஹாஸ்டல்.

முற்றத்தில் பெண்கள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வார்டன் அம்மா அக்காவின் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அப்பா, “வர்றேம்மா” என்று சொல்லித் திரும்பினார்.

“அப்பா, நில்லுங்க” என்றாள் அக்கா.

அந்த முற்றத்து மணலில் முழங்கால் போட்டாள். குதிகால்மேல் உட்கார்ந்து, கையைக் கூப்பி, நெற்றி மண்ணில் படக் குனிந்தாள். எழுந்து மறுபடியும் குனிந்தாள். பர்மாவில் பிள்ளைகள் தாய் தகப்பனைப் பிரியும்போது இப்படித்தான் செய்வார்கள். எங்கள் சபைகளில் மனிதர் முன்னால் யாரும் அப்படி விழக் கூடாது. அது அப்பாவுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தட்டுக் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அப்பா தடுக்கவில்லை. அவள் குனிந்து முடிக்கும்வரை, அங்கே பெரியவர்கள் நிற்பதுபோலக் கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவள் நெற்றியில் ஒட்டிய மணலைத் தன் துண்டால் துடைத்துவிட்டார்.

வார்டன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “இது என்னா பழக்கம்ங்க, உபதேசியாரே?”

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க ஊருப் பழக்கம்ங்கம்மா” என்றார்.